அப்பர் பவானியா, வெள்ளகெவியா? மலைத் தண்ணீரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊட்டிக்குப் போவதா, கொடைக்கானலுக்குப் போவதா என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. படகுத் துறை, சாக்லெட் கடை, அறை வாடகை பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது கொஞ்சம் வேறு மாதிரி ஆட்களுக்கு. ஓர் ஆறு மலை மேல் எங்கே பிறக்கிறது, எப்படிக் கீழே இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகக் காட்டுக்குள் நடக்கவும் தயார், ஆனால் வருடத்தில் மூன்று நான்கு நாள் லீவு கிடைப்பதே பெரிய விஷயம் என்கிறவர்களுக்கு.

அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று நீலகிரியின் மேற்கு ஓரம்: அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்கூர்த்தி, பார்சன்ஸ் வேலி. இன்னொன்று கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் தெற்கு விளிம்பு: பேரிஜம், வட்டக்கானல், வெள்ளகெவி, அடிவாரத்தில் கும்பக்கரை. இரண்டையும் ஒரே லீவில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் காரின் பின்சீட்டைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் பழனி மலைக்குப் போகலாம். அங்கே தண்ணீர் விழுவதைப் பார்க்கலாம், அதோடு கூடவே நடந்து இறங்கலாம். நீலகிரி இரண்டாவது. அங்கே தண்ணீர் தங்குகிறது. தங்குவதைப் பார்ப்பது விழுவதைப் பார்ப்பதைவிடக் கடினம். அதற்குக் கொஞ்சம் பழகிய கண் வேண்டும்.

மலையின் வடிவம்

இரண்டு மலையும் ஏறத்தாழ ஒரே கல். சார்னோக்கைட் என்கிற, கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள கடினமான கரும்பாறை. உயரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், முக்கூர்த்தி 2,554. பழனி மலையின் மேற்குக் கோடியில் உள்ள வந்தரவும் 2,500ஐத் தாண்டுகிறது. இரண்டிலும் மேலே புல்வெளியும் மடிப்புகளில் சோலையும்தான் இயற்கையான காடு.

வித்தியாசம் விளிம்பில் இருக்கிறது. நீலகிரி நாலாபுறமும் செங்குத்தாக நிற்கும், மேலே அகன்ற ஒரு மேட்டுநிலம். வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் பூமியின் பழைய பிளவுகளைப் பிடித்துக்கொண்டு ஓடி, மலையைச் சமவெளியிலிருந்து பிரித்து வைத்திருக்கின்றன. மேலே விழுந்த மழை விளிம்பைச் சேர்வதற்குள் பல மைல் மெதுவாக அலைகிறது. பழனி மலையிலும் மேட்டுநிலம் உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் போனால் அது தெரியும். ஆனால் தெற்கு விளிம்பு கொடைக்கானல் ஊரை ஒட்டியே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச நேரத்தில் பாதாளத்தின் ஓரத்துக்குப் போய்விடலாம். ஓடைக்கும் அதே கதைதான். பிறந்த கொஞ்ச தூரத்திலேயே கீழே குதிக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதிலும் இரண்டும் வேறு வேறு. பழனி மலையில் விழும் மழை முழுக்கத் தமிழ்நாட்டுக்குத்தான். வடக்குச் சரிவில் இறங்குவது சண்முகநதி, குதிரையாறு, நங்காஞ்சியாறு என்று பல பெயர்களில் ஓடி அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்குச் சரிவில் இறங்குவது வராக நதி, மஞ்சளாறு என்று வைகைக்குப் போகிறது. காவிரிக்கும் வைகைக்கும் நடுவிலான நீர்ப்பிரிமுகடு கொடைக்கானல் மலை மேல்தான் இருக்கிறது. அங்கே ஒரு முகட்டில் நின்றுகொண்டு இடது கைப் பக்கம் கரூர், வலது கைப் பக்கம் மதுரை என்று சொல்லலாம்.

நீலகிரியின் மேற்கு ஓரத்தில் இதைவிடப் பெரிய பங்கீடு நடக்கிறது. பைக்காரா முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கம் பிறந்து, வடக்கே ஓடி, அருவியாக விழுந்து, மோயாறாகப் பெயர் மாறி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. கடைசியில் வங்காள விரிகுடா. கூடலூர்ப் பக்கம் பாண்டியாறு மேற்கே இறங்கிச் சாலியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது தென்மேற்கு மூலைதான். அங்கே பவானியும் குந்திப்புழையும் பக்கத்து வீட்டுக்காரர்கள். குந்திப்புழை அமைதிப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, பாரதப்புழையில் சேர்ந்து மேற்குக் கடலுக்குப் போய்விடுகிறது. பவானியும் முதலில் கேரளாவுக்குள்தான் இறங்குகிறது. அட்டப்பாடியில் முக்காலிக்கு அருகே சட்டென்று கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் ஈரோட்டு மஞ்சளும் கோபி நெல்லும் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீலகிரி: தண்ணீர் தங்கும் இடம்

முக்கூர்த்தித் தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர்தான். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே நடந்தால் வித்தியாசமான ஒரு நிலம். உருண்டு உருண்டு போகும் புல்மேடுகள். இரண்டு மேடு சேரும் மடிப்பில் குட்டையான, நெருக்கமான சோலை. ஓரத்தில் காட்டுப்பூவரசின் சிவந்த பூ. மேட்டுக்கும் சோலைக்கும் நடுவே, பார்த்தால் சாதாரணப் புல்தரை மாதிரி தெரியும் ஓர் இடத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். அதுதான் நீங்கள் தேடி வந்த இடம்.

இந்தச் சதுப்புகளின் அடியில் கறுப்பு மண் இருக்கிறது. செத்த புல்லும் வேரும் குளிரில் முழுதாக மக்காமல், நீரில் ஊறி, அடுக்கடுக்காகப் படிந்தது. விஞ்ஞானிகள் இதைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து நீலகிரியின் பருவநிலை எப்படி மாறியது என்று கணித்திருக்கிறார்கள். புல் மிகுந்த காலமும் மரம் மிகுந்த காலமும் மாறி மாறி வந்ததை அந்த மண் சொல்கிறது. புல்வெளி என்பது மனிதன் காட்டை அழித்ததால் வந்தது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது உண்மையல்ல என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் சுவர் இதுதான். ஊட்டிக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு மழை இங்கே கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில், 24 மணி நேரத்துக்குள், 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதில் பாதிக்கு மேல். இவ்வளவு தண்ணீரும் அன்றே ஓடிவிட்டால் ஜனவரியில் ஓடையில் சொட்டு இருக்காது. ஆனால் இருக்கிறது. மழை நின்று வாரக்கணக்கான பிறகு, காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, அந்தச் சதுப்பின் ஓரத்திலிருந்து கட்டை விரல் தடிமனில் தெளிந்த நீர் வந்துகொண்டே இருக்கும். புதுப் பானை கசிவதைப் போல, எங்கிருந்து வருகிறது என்று துளை தேட முடியாது. மொத்தப் பரப்பும் கசிகிறது.

அதனால்தான் நீலகிரிக்கு மழையில் போகாதீர்கள் என்கிறேன். ஆபத்து ஒரு காரணம்தான். மழையில் எல்லா மலையிலும் தண்ணீர் ஓடும், அதில் என்ன அதிசயம்? மழை இல்லாதபோது ஓடுவதுதான் பார்க்க வேண்டியது.

இங்கேயே சீகை (வாட்டில்) மரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் அப்படித்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறையே நிறைய நட்டது. இப்போது நட வேண்டியதே இல்லை, சீகை தானே பரவுகிறது. பார்சன்ஸ் வேலிப் பக்கம் போகும்போது ஒரு பள்ளத்தில் திறந்த புல்வெளியும், அடுத்த பள்ளத்தில் சீகைக் காடும் இருக்கும். இரண்டிலும் ஓடையைப் பாருங்கள். ஆழமாக வேர் விட்டு வேகமாக வளரும் மரத்துக்கும் குட்டைப் புல்லுக்கும் தண்ணீர்ச் செலவு ஒன்றல்ல.

நீலகிரியில் எனக்கு இருக்கும் குறை வேறு. ஆறு பாதியில் காணாமல் போய்விடும். சதுப்பில் பிறந்த ஓடையைப் பின்தொடர்ந்து இறங்கினால் அதிக தூரம் போவதற்குள் ஓர் அணை வந்துவிடுகிறது. அப்பர் பவானி அணையில் தேங்கும் நீர், தன்போக்கில் விட்டால், அட்டப்பாடிக்கு இறங்க வேண்டியது. அதைச் சுரங்கக் குழாய் வழியாகத் திருப்பி, ஒரு மின்நிலையத்தில் சுழலவிட்டு, அவலாஞ்சி–எமரால்டு இரட்டை அணைகளில் சேர்க்கிறார்கள். அங்கிருந்து மறுபடி குழாய், குந்தா. அப்புறம் கெத்தை, பரளி, பில்லூர். ஒவ்வொரு படியிலும் ஒரு பவர் ஹவுஸ். கனடாவின் உதவியோடு 1950களிலும் 60களிலும் கட்டிய குந்தா திட்டம் இது. அதற்கு முன்பே, 1930களில், பைக்காராவை கிளன்மார்கனிலிருந்து இரும்புக் குழாயில் இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள்.

இதைக் குறையாகச் சொல்வதா என்று பொறியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். ஒரே மழைத்துளியில் நாலைந்து தடவை மின்சாரம் எடுத்து, பில்லூரில் கோயம்புத்தூருக்குக் குடிநீர் கொடுத்து, மிச்சத்தைப் பவானிசாகரில் பாசனத்துக்குச் சேர்ப்பது சாதாரணக் காரியமல்ல. அதைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் இருந்தால் நீலகிரிக்கு இணை கிடையாது. ஆனால் மலைச்சரிவில் ஆறு தன் வழியைத் தானே தேடிக்கொள்வதைப் பார்க்க வந்தவருக்குக் கிடைப்பது அணைச்சுவரும், 'உள்ளே அனுமதி இல்லை' என்ற பலகையும்தான்.

பழனி: தண்ணீர் இறங்கும் இடம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் இடது பக்கச் சீட்டில் உட்காருங்கள். டம்டம் பாறை வந்ததும் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். தலையாறு அருவி. எலிவால் அருவி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. மஞ்சளாறு மேட்டுநிலத்தை விட்டு நேராகச் சமவெளியை நோக்கி விழுகிறது. இதற்குக் கட்டணமும் இல்லை, அனுமதியும் வேண்டாம். நடக்க முடியாத வயதானவர்களை அழைத்துப் போனாலும் அவர்களும் பார்க்கலாம். இந்த ஒரு காட்சியை வைத்தே பழனி மலையின் தெற்குப் பக்கம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

சாலையில் இன்னும் மேலே போனால் வெள்ளி நீர்வீழ்ச்சி. அது 1863இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி உண்டாக்கிய கொடைக்கானல் ஏரியின் வழிந்தோடும் நீர். ஊர் முழுக்கத் தாண்டி வரும் தண்ணீர் அது. படம் எடுத்துக்கொள்ளலாம், கை நனைக்க நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான விஷயம் வட்டக்கானலில் தொடங்குகிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பாம்பார்ச் சோலையை ஒட்டிய குட்டி ஊர். வார இறுதியில் கூட்டமும் மேகி கடையும் இருக்கும், தாண்டிப் போய்விடுங்கள். டால்பின் மூக்குப் பாறையிலிருந்து ஒற்றையடிப் பாதை கீழே விழுகிறது. இறங்குகிறது என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன், நடந்து பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பாதையில் வெள்ளகெவி என்ற கிராமம் இருக்கிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, பெரியகுளத்திலிருந்து மலையேறிய வழிகளில் இதுவும் ஒன்று. நெடுங்காலம் சாலையே இல்லாமல், அரிசியும் சிமெண்டும் குதிரை முதுகில் போன ஊர். ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். ஊர் எல்லை வந்ததும் நீங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

பாதை முழுக்கத் தண்ணீரின் சத்தம் ஏதாவது ஒரு பக்கத்தில் கேட்டுக்கொண்டே வரும். மேலே சோலைக்குள் அது பாசி பிடித்த கல்லுக்கு நடுவே சத்தமே இல்லாமல் ஒழுகும். அட்டை கடிக்கும் ஈரம். கொஞ்சம் இறங்கினால் காப்பித் தோட்டம், ஆரஞ்சு, பலா. அங்கே ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுத்திருப்பார்கள். ஆற்றில் மனிதன் போடும் முதல் பங்கு அந்த ஓஸ்தான். இன்னும் கீழே காற்று சூடாகும், மரம் மாறும், இலை உதிர்க்கும் வறண்ட காடு வரும். அங்கே பாறைதான் அரசன். தண்ணீர் பாறையைக் குடைந்து குழி குழியாக வைத்திருக்கும். அடிவாரத்தில் கும்பக்கரை அருவி. மேலே பாம்பார் என்ற பெயரில் பார்த்த அதே நீர். அதற்கப்புறம் பெரியகுளம், சுமார் 300 மீட்டர் உயரம். மாந்தோப்பு, வயல், வைகை.

ஓர் ஆறு பிறந்து சமவெளியைத் தொடுவதை இவ்வளவு சிறிய தூரத்தில், காலால் அளந்து பார்க்க இங்கே முடிகிறது. நீலகிரியில் இதே காரியத்துக்கு நாலு பவர் ஹவுஸையும் பல சோதனைச்சாவடிகளையும் தாண்ட வேண்டும்.

பேரிஜம் இன்னொரு பக்கம். கொடைக்கானலுக்குத் தென்மேற்கே, காட்டுக்குள், ஒரு சதுப்பை மறித்து உருவாக்கிய ஏரி. பெரியகுளத்துக்குக் குடிநீர் இதிலிருந்துதான் போகிறது. வனத்துறையிடம் அன்றன்றைக்கு அனுமதி வாங்கிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகள் போகலாம். நீலகிரிக்குப் போக நேரமில்லாதவர்கள், தங்கும் தண்ணீரைக் கொஞ்சமாவது பார்க்க வேண்டும் என்றால் ஒரு காலையைப் பேரிஜத்துக்கு ஒதுக்கலாம்.

அதற்காகப் பழனி மலை கெடாமல் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது. சீகை, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுக்கும் பைன் காட்டின் அடியில் இருந்ததும் புல்வெளிதான். பாம்பார்ச் சோலைக்கு மேலே, முகட்டில், 2001இல் மூடிய பாதரச வெப்பமானி ஆலையின் இடம் இருக்கிறது. அதன் கழிவு எந்தச் சரிவில் போடப்பட்டது, அந்தச் சரிவின் நீர் எங்கே போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், கொடைக்கானல்காரர்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது விளங்கும்.

எந்த மாதம்

இரண்டு மலைக்கும் மழை வேறு வேறு மாதத்தில் என்பதுதான் முடிவெடுக்க உதவும் முக்கியமான செய்தி. நீலகிரியின் மேற்கு ஓரத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. பழனி மலையின் தெற்கு, கிழக்குப் பக்கங்களுக்கு அக்டோபரும் நவம்பரும். ஆக ஆகஸ்டில் லீவு கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், பழனிதான். மேகம் மேற்கிலேயே இறக்கிவிட்டு வருவதால் இங்கே தூறலும் வெயிலும் மாறி மாறி இருக்கும். நவம்பரில் கிடைத்தால் கும்பக்கரைப் பக்கம் போகாதீர்கள். மேலே கொடைக்கானலில் மழை பெய்தால், கீழே வானம் நீலமாக இருக்கும்போதே திடீரென வெள்ளம் வரும். வனத்துறை அடிக்கடி அருவியை மூடுவது அதனால்தான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைக் கிழித்துவிட்டு மேற்கே வந்து கொடைக்கானலிலும் மரங்களைச் சாய்த்து, சாலைகளை அடைத்தது. நவம்பரில் நீலகிரியும் பத்திரம் என்று சொல்ல முடியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மேற்கு ஓரம் அப்போது அமைதியாக இருந்தாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் சாலை கிழக்குப் பக்கம்தானே.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய இரண்டுக்கும் நல்ல காலம். நீலகிரியில் இரவில் தண்ணீர் உறையும், அதற்குத் தகுந்த துணி வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்த பிறகு, இந்தப் பருவத்தில் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கும்போது ஆள் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஏப்ரல், மே இரண்டு ஊரிலும் நெரிசல். அப்போது போய்த் தண்ணீரின் பிறப்பைப் பற்றிச் சிந்திக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இ-பாஸ் வேறு எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள்.

வேறு வழிகள்

மோயாற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அபாரமான இடம்தான். ஆனால் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம், நடக்க வழியே இல்லை. கூடலூருக்கு அருகே ஊசிமலையிலிருந்து முதுமலைப் பக்கம் தூரத்தில் பார்ப்பதோடு சரி.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோத்தகிரி லாங்வுட் சோலையைச் சொல்வேன். ஊரை ஒட்டிய சின்னச் சோலை, 116 ஹெக்டேர். சுற்றியுள்ள கிராமங்களின் குடிநீருக்கு ஆதாரமாக இருப்பதற்காகவும் சேர்த்துத்தான் 2024இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. அரை நாளில் நடந்து முடிக்கலாம். ஒரு சோலை என்ன செய்கிறது என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட வசதியான இடம் இல்லை.

போகும் முன்

எந்த மலையானாலும் தனியாகக் காட்டுக்குள் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி, அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா, வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி ஆகியவை அதில் இருக்கின்றன. கூட வரும் வழிகாட்டிகளில் நிறையப் பேர் அந்தந்த மலையின் பழங்குடி மக்கள், உள்ளூர்க்காரர்கள். அவர்களிடம் புலி பார்த்தீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, கோடையில் கடைசியாக எந்த ஓடை வற்றும் என்று கேளுங்கள். பேச்சு வேறு எங்கோ போகும்.

உடம்பையும் கணக்கில் எடுங்கள். முக்கூர்த்திப் பக்கம் ஏற்ற இறக்கம் அதிகமில்லை, ஆனால் 2,300 மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும், மூடுபனி வந்தால் பத்தடி தூரம் தெரியாது, சதுப்பில் காலணி நனைந்து கனக்கும். வட்டக்கானல் பாதையில் மூச்சுக்குப் பிரச்சினை இல்லை, முட்டிக்குத்தான். ஊன்றுகோல் ஒன்று வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முட்டி வலி உள்ளவர்கள் மேல் பாதியை மட்டும் நடந்துவிட்டு வட்டக்கானலுக்கே திரும்பி, பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் போய்க் கும்பக்கரையைக் கீழிருந்து பார்க்கலாம். பாதி ஆறு விட்டுப்போகும், மீதி கிடைக்கும்.

பாதை எது வரை திறந்திருக்கிறது என்பது முன்பதிவுப் பக்கத்தில் மாறிக்கொண்டே இருக்கும். கீழே கும்பக்கரை வரை விடுவார்களா, வெள்ளகெவியோடு திரும்ப வேண்டுமா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். கீழே இறங்கி முடிப்பதாக இருந்தால் வண்டியைக் கொடைக்கானலில் நிறுத்தாதீர்கள். அதை எடுக்க மறுபடி மலையேற வேண்டியிருக்கும்.